நாய்க்குப் போட்ட சோறு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கம் போனால் செம்மண் காடுகளில் கடலை விளைவதைப் பார்க்கலாம். கடலை என்றால் நிலக்கடலை. வேறு ஊர்க்காரர்கள் மணிலாக்கொட்டை என்பார்கள், மல்லாட்டை என்பார்கள். கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, உடைத்த பிறகு பெண்கள் முறத்தில் போட்டுப் புடைத்து நல்ல பருப்பைத் தனியாகவும் சொத்தையைத் தனியாகவும் பிரிப்பார்கள். நல்லது விற்பனைக்குப் போகும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது என்ன ஆகும்? அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. செக்குக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ, கோழிக்கோ போய்ச் சேரும்.

அடுப்படியிலும் இதே கதைதான். நேற்றைய குழம்பு நுரைத்துவிட்டதா, ரொட்டியில் பச்சையாகப் பூத்துவிட்டதா, மாவு நாறுகிறதா, உடனே ஒரு குரல் வரும்: "கெட்டுப்போச்சா? நாய்க்குப் போடு!"

எல்லா ஊரிலும் கேட்கும் சாதாரண வார்த்தைதான் இது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உணவை வீணாக்கக் கூடாது, வாயில்லா ஜீவனுக்காவது பயன்படட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மனிதனுக்கு ஆகாதது நாய்க்கு ஆகும், நாயின் தட்டில் விழுந்ததோடு விஷயம் முடிந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை.

அது முடிவதில்லை என்பதைக் கடந்த எழுபது ஆண்டு வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. ஜப்பான், அமெரிக்கா, ராஜஸ்தான், சீனா என்று ஊர்கள் மாறினாலும் கதை ஒன்றுதான். நாயும் பூனையும் சாப்பிட்டுச் சாகின்றன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு மனிதர்கள் சாகிறார்கள்.

மினமாட்டாவின் பூனைகள்

முதல் கதை பூனைகளுடையது. ஜப்பானின் கியூஷூ தீவில் மினமாட்டா என்றொரு கடலோர ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போல அங்கேயும் மீன்பிடிதான் பலருக்கும் தொழில். மீனவர் குடியிருப்பு என்றால் பூனைகளுக்குக் குறைவா? வலையிலிருந்து விழும் மீன், வீட்டில் மிஞ்சும் மீன் என்று அவை நன்றாக வாழ்ந்துவந்தன.

1950களின் தொடக்கத்தில் அந்தப் பூனைகள் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கின. தள்ளாடின. வலிப்பு வந்து சுழன்றன. ஊரார் அதை "ஆடும் பூனை நோய்" என்றார்கள். பூனைதானே என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊரில் சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அதன் கழிவுநீர் விரிகுடாவில் கலந்தது. அதிலிருந்த மெத்தில் பாதரசம் சிறு உயிர்களில் சேர்ந்து, அவற்றைத் தின்ற மீன்களில் பெருகி, மீனைத் தின்ற பூனையின் மூளையைத் தாக்கியது. அதே மீனைத்தான் மனிதர்களும் தின்றார்கள்! 1956 மே 1-ஆம் தேதி, தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹாஜிமே ஹோசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுகிறது என்று சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். நோயாளிகளில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள்.

ஹோசோகாவா பிறகு தாமே பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். தொழிற்சாலைக் கழிவுநீரை உணவில் கலந்து கொடுத்தபோது, 400-ஆம் எண் பூனை 1959 அக்டோபரில் அதே வலிப்பால் துடித்தது. காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. ஜப்பான் அரசு தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான். அதற்குள் கடலில் இன்னும் பல ஆண்டுக் கழிவு கலந்துவிட்டது. அரசுச் சான்று பெற்ற நோயாளிகள் மட்டுமே 2,000 பேருக்கு மேல்.

பூனைகள் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும்?

பெயர் தெரியாத நோய்

மினமாட்டாவில் பூனைகள் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்கள் செத்துக்கொண்டிருந்தன. மஞ்சள் காமாலை, வாந்தி, ரத்தம் கலந்த மலம், பிறகு மரணம். அறுத்துப் பார்த்தால் ஈரல் கெட்டுப்போயிருந்தது. 1952-ல் கால்நடை மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. எனவே "ஹெபடைடிஸ் எக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் பாடத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவதுபோல!

1955-ல் ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. சந்தேகத்துக்குரிய நாய்த்தீவனத்தை நல்ல நாய்களுக்குக் கொடுத்தால் அவற்றுக்கும் அதே நோய் வந்தது. அப்படியானால் விஷம் தீவனத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன விஷம்? யாருக்கும் தெரியவில்லை. விஷயம் அப்படியே ஆறிப்போனது.

1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிப் பண்ணைகளில் பெரும் சாவு. சில மாதங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. இதற்கும் "வான்கோழி எக்ஸ் நோய்" என்றுதான் பெயர். ஆனால் இது பணம் சம்பந்தப்பட்டது. அதனால் விஞ்ஞானிகள் முழுமூச்சாக இறங்கினார்கள். தீவனத்தைத் தேடிப் போனபோது குற்றவாளி கிடைத்தது. அது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு!

புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூசணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பொடிபோலப் படர்வது இதுதான். அது சுரந்த விஷத்துக்கு அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்ததை பி என்றும், பச்சையாக ஒளிர்ந்ததை ஜி என்றும் பிரித்தார்கள். ஆங்கிலத்தில் நீலத்துக்கும் பச்சைக்குமான முதல் எழுத்துகள் அவை. இவற்றில் மிகக் கொடியது பி1. இது ஈரலை அழிப்பதோடு நீண்ட காலத்தில் ஈரல் புற்றுநோயையும் உண்டாக்கும்.

1966-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பி1 விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த ஹெபடைடிஸ் எக்ஸ் அப்படியே திரும்ப வந்தது! ஆம், உலகம் வான்கோழிகளிடம் கற்றுக்கொண்ட பாடத்தை நாய்கள் முன்பே சொல்லியிருந்தன. கேட்க ஆள்தான் இல்லை.

குன்னூரில் தொடங்கிய ஆய்வு

இந்தச் செய்தி இந்தியாவைக் கலங்கடித்தது. காரணம், இந்தியா கடலையை நம்பியிருந்த நாடு. சத்துக்குறைவான குழந்தைகளுக்குக் கடலை மாவில் புரத உணவு செய்து கொடுக்கலாம் என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டியிருந்தது. அந்த மாவிலேயே விஷம் இருந்தால்?

இதை ஆராய்ந்தவர்களின் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. நாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கேயே ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவுக்குறை நோய்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கே சி.கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1964-லேயே குட்டிக் குரங்குகளுக்கு அஃப்ளாடாக்சின் கொடுத்து, அவற்றின் ஈரல் கெடுவதைக் கண்டு எழுதினார்கள். குரங்குக்கு வந்தால் மனிதனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

பத்தே ஆண்டுகள்தான் ஆனது.

1974: மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே நோய்

1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், வெகு தொலைவில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் அதை ஒட்டிய குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் ஒரு கொடிய காமாலை பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். மழையை நம்பிப் பயிர் செய்பவர்கள். அவர்களுக்கு மக்காச்சோள ரொட்டிதான் அன்றாட உணவு.

கண் மஞ்சளானது. வயிறு சில நாட்களில் நீர் கோத்துப் பெருத்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். நான்கில் ஒருவருக்கு மேல்!

காமாலை என்றதும் எவரும் கிருமியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் அந்தக் கிராமங்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதே நோய் நாய்களுக்கும் வந்திருந்தது. காமாலை, வயிற்றில் நீர், மரணம், எல்லாம் அப்படியே. மனிதனைத் தாக்கும் காமாலை வைரஸ்கள் பொதுவாக நாயைத் தாக்குவதில்லை. அந்த வீடுகளில் மனிதனுக்கும் நாய்க்கும் பொதுவாக இருந்தது சாப்பாடு.

ஐதராபாத் நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் அவருடைய குழுவினரும் மக்காச்சோளத்தைச் சோதித்தார்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மண்டியிருந்தது. ஒரு கிலோ சோளத்தில் 6 மில்லிகிராம் முதல் 15 மில்லிகிராமுக்கு மேல் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. ஐ.நா. ஆலோசனைக் குழு அன்று அனுமதித்திருந்த அளவு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். அதாவது அந்தச் சோளத்தில் இருந்தது 200 மடங்கிலிருந்து 500 மடங்கு! பல வாரங்கள் அந்த மக்கள் இதையே தின்றிருந்தார்கள். அவர்கள் போட்டதை நாய்களும் தின்றிருந்தன.

காரணம் பெரிய மர்மம் இல்லை. அறுவடை நேரத்தில் பருவம் தவறிய மழை. சோளம் நனைந்தது. காயவைக்க வழியில்லை. நனைந்ததை அப்படியே சேமித்தார்கள். வறட்சியால் வேறு தானியமும் இல்லை. பூசணம் பிடித்தது என்று தெரிந்தும் தின்பதைத் தவிர ஏழைக்கு வேறு வழி ஏது?

1975-ல் லண்டனின் "லான்செட்" மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. மனிதரையும் நாய்களையும் தாக்கிய ஈரல் நோய் என்றே அதில் குறிப்பிட்டிருந்தார்கள். இதே போன்ற துயரம் 2004-ல் கென்யாவில் நடந்தது. அங்கும் பூசணம் பிடித்த மக்காச்சோளம்தான் காரணம். 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

நாய் ஏன் எளிதில் வீழ்கிறது?

முதல் காரணம் ஈரல். எல்லா விலங்குகளும் அஃப்ளாடாக்சினை ஒரே மாதிரி தாங்குவதில்லை. எலியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே போதும். இந்தக் கணக்குப்படி 10 கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய்க்கு 5 முதல் 10 மில்லிகிராம் உயிருக்கே ஆபத்து. 1974-ன் மோசமான சோளத்தில் ஒரு கிலோவிலேயே அதைவிட அதிகம் இருந்தது.

இரண்டாவது காரணம் தட்டு. மனிதன் காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் சுண்டல் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறான். ஒன்றில் விஷம் இருந்தாலும் மற்றவற்றில் இல்லாமல் போகலாம். நாய்க்கு அந்த வசதி இல்லை. போட்டதைத்தான் தின்ன வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் வேதனையானது. மனிதன் ஒதுக்கியதே நாய்க்குப் போகிறது. ஒரு மூட்டைக் கடலையில் விஷம் முழுவதும் சில சொத்தைப் பருப்புகளிலேயே குவிந்திருக்கலாம். முறத்தில் புடைத்து ஒதுக்கும்போது அந்த விஷத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். அதை நாய்க்கோ கோழிக்கோ போடுவது விஷத்தைப் பொறுக்கியெடுத்துக் கொடுப்பது போலத்தான்!

"கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஆகாது. சோறு கொதிப்பது 100 டிகிரியில். குக்கரிலும் ஏறக்குறைய 120 டிகிரிதான். அஃப்ளாடாக்சின் முழுவதும் சிதைய 200 டிகிரிக்கு மேல் வேண்டும். சமைத்தால் பூசணம் சாகும். விஷத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

பாக்கெட் உணவு பத்திரமா?

அப்படியானால் கடையில் பாக்கெட் வாங்கிப் போட்டால் கவலை இல்லையா? நாய்க்கென்று தனி உணவு விற்கலாம் என்ற யோசனை பழையது. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். இன்று புதுக்கோட்டை நகரத்திலும் பாக்கெட் உணவு கிடைக்கிறது. நல்ல நிறுவனத்தின் பாக்கெட் உணவில் சத்துகள் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் தானியத்தில் செய்ததுதான். 2005-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் நாய் உணவில் அஃப்ளாடாக்சின் கலந்து 100-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகக் கால்நடை மருத்துவர்கள் தெரிவித்தார்கள். 2020 டிசம்பரில் இன்னொரு நிறுவனத்தின் உணவை அங்கே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்த மாதத்துக்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்களின் சாவு பதிவாகியிருந்தது. இத்தனைக்கும் அந்த நாட்டில் வளர்ப்பு விலங்கு உணவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளாடாக்சின் இருக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு.

இவற்றைவிடப் பெரிய பாடம் 2007-ல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தன. இம்முறை பூசணம் காரணம் இல்லை. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரத மாவில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் கலந்திருந்தது!

யாராவது வேண்டுமென்றே பிளாஸ்டிக் பொருளை உணவில் சேர்ப்பார்களா? சேர்ப்பார்கள், லாபம் இருந்தால். புரதத்தை நேரடியாக அளப்பது கடினம் என்பதால் நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதக் கணக்கு சொல்வது வழக்கம். மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 100 கிராம் மெலமினைச் சோதனையில் வைத்தால் 400 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் காட்டும். மலிவான மாவில் கொஞ்சம் மெலமின் தூவினால் உயர்ந்த மாவாகிவிடும். காகிதத்தில் மட்டும்! மெலமினும் அதோடு வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து விலங்கின் சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்தன.

பழைய சாவுகளையும் தோண்டிப் பார்த்தார்கள். 2004-ல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் இதேபோல் சிறுநீரகம் கெட்டு இறந்திருந்தன. அன்று பூசண விஷம் என்று சொல்லிக் கோப்பை மூடியிருந்தார்கள். 2007-ல் மறுபடி ஆராய்ந்தபோது அங்கும் மெலமினும் சயனூரிக் அமிலமும் இருந்தது தெரிந்தது.

அடுத்து நடந்ததை உலகமே அறியும். 2008 செப்டம்பரில் சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் அதே மெலமின் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மாதமே இந்தியா சீனப் பால் பொருட்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

முதலில் 2004-ன் நாய்கள். பிறகு 2007-ன் பூனைகள். அப்புறம் 2008-ன் குழந்தைகள். விஷம் ஒன்றே!

சட்டத்தின் பார்வையில்

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ல் வந்தது. "உணவு" என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. அந்த விளக்கத்தில் விலங்குத் தீவனம் விலக்கப்பட்டிருக்கிறது. நாய் தின்பது சட்டப்படி உணவே அல்ல! நாய், பூனை உணவுக்கு இந்தியத் தரநிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 11968 என்ற தரம் தனியாக உண்டு. மனித உணவு ஒரு கோப்பில், விலங்கு உணவு வேறு கோப்பில்.

ஆனால் விஷத்துக்குக் கோப்பு தெரியாது. அதற்குச் சாட்சி பால். பூசணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் அஃப்ளாடாக்சின் பி1 அதன் உடலில் எம்1 என்ற வடிவமாக மாறிப் பாலில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 551 மாதிரிகளில் 88! பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல இது.

குழந்தையின் டம்ளருக்கும் பூனையின் பால்சோற்றுக்கும் ஒரே பாலைத்தான் ஊற்றுகிறார்கள்.

புதுக்கோட்டை வீடுகளில் என்ன செய்யலாம்?

கடலைக்குப் பூசணம் வீட்டில் மட்டும் வருவதில்லை. காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து நிலம் சூடேறினால் மண்ணுக்குள்ளேயே பூசணம் காய்க்குள் புகுந்துவிடும். மானாவாரி நிலம் அதிகமுள்ள புதுக்கோட்டைக்கு இது முக்கியமான செய்தி. பிடுங்கும்போது மண்வெட்டி பட்டு உடைந்த காய்களிலும் எளிதில் புகும். பிறகு நனைந்தால் கேட்கவே வேண்டாம். காயின் ஈரம் 8, 9 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல் அடுக்க வேண்டும். ஆலங்குடி வட்டத்தில் வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விவசாயிகள் இதுபற்றி ஆலோசனை கேட்கலாம்.

நாயும் பூனையும் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டியவை இவை:

1. பூசணம் பிடித்த ரொட்டி, கடலை, தேங்காய், சோளம், புண்ணாக்கு எதையும் எந்த விலங்குக்கும் போடக் கூடாது. மேலே உள்ள பூசணத்தைச் சுரண்டிவிட்டுப் போடுவதும் தவறு. குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

2. அன்றாடம் சோறு போடுபவர்கள் அன்று வடித்த சோற்றைப் போடலாம். முட்டை, வேகவைத்த மீன், கோழி சேர்க்கலாம். வெங்காயம் நிறையச் சேர்ந்த குழம்பு, சாக்லேட், திராட்சை ஆகாது. பூனைக்கு மனிதர்களின் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. அது பூனைக்கு எமன்.

3. பூனைக்குப் பால்சோறு மட்டும் போதாது. அதற்கு டாரின் என்ற சத்து வேண்டும். அது மீனிலும் இறைச்சியிலும்தான் உண்டு. டாரின் குறைவான டப்பா உணவால் பூனைகளின் இதயம் பலவீனமாகி அவை இறக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-ல் கண்டுபிடித்தார்கள்.

4. பாக்கெட் உணவு வாங்கும்போது தேதியையும் தொகுதி எண்ணையும் பார்க்க வேண்டும். பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதில் இரண்டும் தெரியாது. உணவை அதே பையில் வாய் கட்டி ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சிறிய பாக்கெட்டே நல்லது.

5. நாய் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, சோர்வு, ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாவது, சிறுநீர் அடர் மஞ்சளாவது, மலம் கறுப்பாவது, வயிறு வீங்குவது ஆகியவை ஈரல் கெட்டதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியாகச் சாப்பிட்ட உணவிலும் கொஞ்சம் எடுத்துப் போவது மருத்துவருக்கு உதவும். அஃப்ளாடாக்சினுக்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்து அந்த உணவை நிறுத்துவதில்தான் உயிர் இருக்கிறது.

6. ஒரே வாரத்தில் ஒரே தெருவில் பல நாய்களோ பூனைகளோ கோழிகளோ சாகின்றன என்றால் "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்று முடித்துவிடக் கூடாது. அவை என்ன தின்றன, அதை வீட்டில் வேறு யார் தின்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

முடிவாக...

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்த வரலாற்றின் சாரம். மினமாட்டாவின் மீனவர் வீடுகளில் அது கேட்கப்படவில்லை. ஹெபடைடிஸ் எக்ஸ் நாய்களுக்காக விடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. 2004-ல் தவறான விடையோடு நிறுத்திவிட்டார்கள். கேட்டிருந்தால் எல்லாச் சாவையும் தடுத்திருக்கலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலவற்றையாவது தடுத்திருக்கலாம்.

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 1974-ல் இறந்தவர்கள் பூசணம் பிடித்த சோளத்தைத் தெரிந்தேதான் தின்றார்கள். வேறு உணவு இல்லை. வாசலில் கிடக்கும் நாயின் நிலையும் எப்போதும் அதுதான். அதற்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ஏழையும் நாயும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மற்றவர்கள் ஒதுக்கியது கடைசியில் வந்து சேரும் வரிசை அது.

எனவே அடுத்த முறை முறத்தில் சொத்தைக் கடலை ஒதுங்கும்போதோ, ரொட்டியில் பச்சை பூக்கும்போதோ, "நாய்க்குப் போடு" என்று சொல்ல வாயெடுப்பவர்கள் ஒரு நொடி நிறுத்தி யோசிக்கலாம். நாய் நன்றியுள்ள விலங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போட்டதை மறுக்காமல் தின்பதும் அந்த நன்றியால்தான். அந்த நம்பிக்கைக்கு விஷத்தைப் பதிலாகத் தரலாமா?